பார்க்க வருபவர்

ஜூன் 14

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கழுத்து வலி குறைந்ததா? அப்பாவின் சரக்குக் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் எழுதுங்கள். நான் நன்றாகப் படிக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன் என்று போன மாதம் பள்ளித் தபாலில் வந்திருக்கும். அது வார்டன் சொல்லச் சொல்ல எழுதியது. இதை நானாக எழுதுகிறேன். ரொட்டி வண்டிக்காரர் கொண்டுபோய்த் தபாலில் போடுவதாக ஒப்புக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கூடைல காயிதம் கிடந்தா அது என் தப்பா?" என்றார். பதிலையும் அவர் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள்.

இங்கே நாலரைக்கு மணி அடிக்கிறது. இரவு பதினொன்று வரை படிப்பு. சனிக்கிழமைத் தேர்வில் கடைசிப் பத்து பேர் வராந்தாவில் புத்தகத்தோடு நிற்க வேண்டும், படுக்கும் மணி அடிக்கும் வரை. நான் இதுவரை நின்றதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஆனாலே சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். படுக்கை அறையை வெளியே பூட்டிவிட்டுத்தான் வார்டன் போவார். நாங்கள் அவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். தலைமையாசிரியருக்குச் சராசரி. எதைக் கேட்டாலும், "பள்ளியோட சராசரி என்னாவறது?" என்பார்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் தும்மல். கரும்பலகையை அழித்தால் ஏழு தும்மல் போடுவாள், எண்ணிக்கை மாறாது. மூன்று வாரமாக அவளுக்கு இருமலும் இருக்கிறது. மாலையானால் உடம்பு சுடுகிறது. பூட்டிடம் சொன்னேன். "பரீட்சைன்னா எல்லாருக்கும் வர்ற காய்ச்சல்தான்" என்றார்.

நீங்கள் வந்து என்னை அழைத்துப் போங்கள் சித்தி. உங்கள் அறை சின்னது என்று தெரியும். நான் தரையில் படுத்துக்கொள்வேன்.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 26

அன்புள்ள குட்டிக்கு,

கழுத்து அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும். அப்பாவிடமிருந்து மூன்று வாரமாகச் செய்தி இல்லை, கடலில் இருப்பார். நீ சாப்பிடுகிறாயா? எடை குறையாமல் பார்த்துக்கொள்.

இப்போது வர முடியாதம்மா. வேலை அப்படி. உன் பள்ளியைப் போல ஆறு விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றால் பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறுகிறார்களா என்று பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு. கணக்கு முழுவதும் என் கையில். முடிவு நன்றாக வந்தால் இன்னும் நாற்பது பள்ளி திறப்பார்கள்.

உனக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். உங்கள் மதிப்பெண்ணையும் வெளிப்பள்ளி மதிப்பெண்ணையும் நேராக ஒப்பிட முடியாது. உங்களைத் தேர்ந்தெடுத்துத்தானே சேர்த்தார்கள்? ஏற்கெனவே ஓடத் தெரிந்தவளை எடுத்துக்கொண்டு, நான்தான் ஓடக் கற்றுக்கொடுத்தேன் என்று பள்ளி சொல்லக் கூடாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பன்னிரண்டு விவரம் எடுக்கிறோம். பழைய மதிப்பெண், பெற்றோர் படிப்பு, தாய் தந்தை இருக்கிறார்களா, வீட்டில் எத்தனை பேர், பள்ளி எவ்வளவு தூரம், இப்படி. அந்தப் பன்னிரண்டையும் சேர்த்து ஒரே எண் ஆக்குவோம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் வரும். இப்படிப்பட்ட ஒரு பிள்ளை உங்கள் பள்ளியில் சேர எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதுதான் அந்த எண். பிறகு அதே எண் உள்ள, ஆனால் சேராத ஒரு பிள்ளையை வெளியே தேடிப் பிடித்து இணை சேர்ப்போம். இரண்டு பேருக்கும் இன்று என்ன வித்தியாசமோ அதுதான் பள்ளியின் வேலை.

ஆக, உனக்கும் எங்கோ ஓர் இணை இருக்கிறாள். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? நடந்ததை நடந்தபடி எழுது. எங்களுக்குப் பள்ளி தந்த விவரம் அரைப் பக்கம்தான்.

தும்மலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல். அறிக்கை முடியட்டும், வருகிறேன்.

சித்தி


ஜூலை 9

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். கழுத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், அம்மா அப்படித்தான் செய்வார். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை.

என் இணையைப் பற்றித் தும்மலிடம் சொன்னேன். "எனக்கும் ஒருத்தி இருப்பா இல்ல? அவளும் இந்நேரம் இருமிக்கிட்டு இருப்பாளோ, பாவம்" என்றாள். என் இணை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று உங்கள் கட்டங்களில் இருக்கிறதா?

தேர்வு செய்த விதம் இது. முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு ஒவ்வொருவராகத் தலைமையாசிரியர் அறைக்குள் கூப்பிட்டார்கள். புத்தகத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான். "உன்னைப் பார்க்க யார் வருவாங்க? எத்தனை நாளுக்கு ஒருதரம்?" அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். எனக்கு முன்னால் ஒரு பெண் போனாள், எழுத்துத் தேர்வில் முதலிடம். அவள் அம்மா கதவருகில் நின்றுகொண்டு, "ஞாயிறு ஞாயிறு வந்துடுவேன் சார், ஒரு வாரம் பார்க்கலன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

தும்மல் எண்பத்தெட்டாம் இடம். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. "யாரும் வரமாட்டாங்க சார், நீங்க வேணா வந்து பாருங்க" என்று சிரித்தாளாம். உடனே இடம் கொடுத்துவிட்டார்.

என்னைக் கேட்டபோது, சித்தி இருக்காங்க என்றேன். "வருவாங்களா?" என்றார். "அவங்க ரூம் சின்னது சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

இங்கே யாரையும் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. சேர்ந்தபோது நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் சித்தி.

இதைக் குளியலறைப் பக்கத்து விளக்கடியில் எழுதுகிறேன். பூட்டு வரும் சத்தம் கேட்கிறது.

உங்கள் அக்கா மகள்


ஜூலை 28

அன்புள்ள குட்டிக்கு,

துண்டைச் சுருட்டி வைத்தேன், கொஞ்சம் தேவலை. உன் உடம்பு எப்படி?

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். அந்தக் கேள்வி எங்கள் பன்னிரண்டில் இல்லை. எவரும் எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் இணை சேர்க்கும் முறை நிற்பதே ஒரே ஒரு காலில்தான். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்த எல்லாமே நம் கையில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், சமம் என்று நாம் ஜோடி சேர்த்தவர்கள் சமமே இல்லை. பார்க்க ஆளில்லாத பிள்ளையையும் ஞாயிறு தவறாமல் அம்மா வரும் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆளில்லாத பிள்ளை பிடிக்கவில்லை என்று வீட்டுக்குப் போக முடியாது. எவரும் வந்து கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

அதனால் நேர்காணல் தாள்களைக் கேட்டு அலுவலகத்திலிருந்து பள்ளிக்குக் கடிதம் போட்டுவிட்டேன். சேர்ந்தவர்கள், சேராதவர்கள் எல்லோருடைய தாளும் வேண்டும், ‘பார்க்க வருபவர்’ என்ற பகுதி கட்டாயம் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பயப்படாதே, உன் பெயர் எங்கும் இல்லை.

உன் இணையைப் பார்த்தேன். அவளுக்கும் அம்மா இல்லை, அப்பா வெளியூரில். பழைய மதிப்பெண்ணில் உனக்கும் அவளுக்கும் ஒன்றுதான் வித்தியாசம். ஆறு மணிக்கு எழுந்திருக்கிறாளாம். சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள்.

மழைக்காலம், ஈரத்துணியோடு இருக்காதே.

சித்தி


ஆகஸ்ட் 12

சித்தி,

நீங்கள் நலமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அவசரமாக எழுதுகிறேன், எழுத்து சரியில்லை.

உங்கள் அலுவலகக் கடிதம் வந்துவிட்டது. காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்துத் தலைமையாசிரியர் அதைத் தூக்கிக் காட்டினார். "என் ரூமுக்குள்ள நான் கேட்டது ஒரு கேள்வி. அது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். இந்த லெட்டர் எழுதினவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் எழுதி அனுப்பினேனா? சுவர் போய்ச் சொல்லுச்சா?" என்றார். மதியச் சாப்பாடு வரை நின்றோம். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். என் பெயர் இல்லை என்று எழுதினீர்கள் சித்தி. அந்தக் கேள்வியேதான் என் பெயர்.

பிறகு புதிய தாள்கள் கொடுத்தார்கள். போன வருடத்துத் தேதி போட்டு, ‘பார்க்க வருபவர்’ என்ற இடத்தில் அம்மா அல்லது அப்பா, ‘எப்போது’ என்ற இடத்தில் வாரம் ஒருமுறை என்று எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நோயறையில் இருப்பவர்களின் தாள்களையும் வீட்டுக்குப் போய்விட்டவர்களின் தாள்களையும் என்னிடமே கொடுத்தார்கள். தும்மலின் எண் அறுபத்தேழு, அந்தத் தாளைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அம்மா என்று எழுதவா என்று கேட்டேன். "எழுது எழுது. சும்மா கிடைக்கற அம்மாவ வேணாம்னு சொல்வாங்களா?" என்றாள். சிரித்தாள், பிறகு வெகுநேரம் இருமினாள். துணியில் சிவப்பாக இருந்தது.

என் தாளில் ‘சித்தி, வாரம் ஒருமுறை’ என்று எழுதினேன்.

வந்துவிடுங்கள். தும்மலையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.


ஆகஸ்ட் 14

மதிப்பிற்குரிய சித்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு மிகவும் நலமாக இருக்கிறேன். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். எங்கள் பள்ளியில் உணவு, உறைவிடம், மருத்துவ வசதி அனைத்தும் சிறப்பாக உள்ளன. ஆசிரியர்கள் பெற்றோரைப் போல் கவனித்துக்கொள்கிறார்கள். மாதத் தேர்வில் எங்கள் பள்ளியின் சராசரி உயர்ந்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இனி தேர்வு முடியும் வரை கடிதம் எழுத நேரம் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி


செப்டம்பர் 3

அன்புள்ள குட்டிக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். நீ சாப்பிடுகிறாயா, உன்னை எவரும் ஒன்றும் செய்யவில்லையே? அதை மட்டுமாவது எழுது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு.

தாள்கள் வந்துவிட்டன. சேர்ந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு, எல்லோருக்கும் வாரம் ஒருமுறை. சேராதவர்களுக்கும் பெரும்பாலும் வாரம் ஒருமுறைதான். அதனால் அந்தக் கட்டத்தைக் கணக்கில் சேர்த்தும் ஒன்றும் மாறவில்லை. உங்கள் பிள்ளைகள் இணைகளைவிட ஒன்பது மதிப்பெண் அதிகம். எங்கள் அலுவலக இயக்குநர் என் மேசைக்கே வந்தார். "பார்த்தீங்களா, தேவையில்லாம சந்தேகப்பட்டீங்க. இப்ப இன்னும் பலமா நிக்குது" என்றார்.

அறுபத்தேழாம் எண் தாளில் பார்க்க வருபவர் அம்மா என்று இருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் அதே அறுபத்தேழுக்கு நேராகத் தாய் காலமானார், தந்தை காலமானார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்த ஒன்றை மட்டும் காட்டினால் எழுத்துப் பிழை என்பார்கள். எல்லாத் தாளுமே பொய் என்று நான் சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

பள்ளிக்கு வாரம் இருமுறை மருத்துவர் வருவதாகப் பதிவில் இருக்கிறது. அவரிடம் தும்மலைக் காட்டச் சொல். மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்த மறுநாள் கிளம்பி வருகிறேன். இன்னும் இருபத்தேழு நாள்தான்.

சித்தி


செப்டம்பர் 17

சித்திக்கு,

நான் சாப்பிடுகிறேன். என்னை எவரும் அடிக்கவில்லை. நீங்கள் கேட்டதற்கு விடை சொல்லிவிட்டேன்.

பதிவில் இருக்கும் மருத்துவரை நாங்கள் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மதியம் தும்மலைப் பள்ளி வண்டியில் ஏற்றினார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள், அவளால் நிற்க முடியவில்லை. நாங்கள் வகுப்பில் இருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று எழுந்து கேட்டேன். "வீட்டுக்கு" என்றார் ஆசிரியர். எந்த வீட்டுக்கு சார் என்றேன். உட்காரச் சொன்னார்.

சாயங்காலம் அவள் மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ‘விலகினார், குடும்பக் காரணம்’ என்று எழுதியிருக்கிறது. புதன்கிழமை பெரிய மாதிரித் தேர்வு தொடங்கியது. அவள் எழுதியிருந்தால் எல்லாப் பாடத்திலும் தவறியிருப்பாள். இப்போது அவள் கணக்கிலேயே இல்லை.

பதிவேட்டின் பழைய பக்கங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு பெரிய தேர்வுக்கும் முந்தின நாட்களில் சிவப்பு மை இருக்கிறது. பதினாறு பேர். மீதித் தொண்ணூற்றாறு பேர்தான் தேர்வு எழுதுகிறோம். உங்கள் ஒன்பது மதிப்பெண்ணை யாரை வைத்துப் போட்டீர்கள் சித்தி? எங்களை வைத்தா, மிஞ்சியவர்களை வைத்தா?

என் இணை சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள் என்று எழுதினீர்கள். மதிப்பெண்ணில் ஒன்றுதான் வித்தியாசம் என்றும் எழுதினீர்கள்.

நீங்கள் இங்கே ஒருமுறைகூட வந்ததில்லை. ஏன் என்று நான் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.


அக்டோபர் 2

என் குட்டிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

இந்த வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆய்வுக்கு உட்பட்ட பள்ளிகளில் உங்கள் உறவினர் எவரும் படிக்கிறார்களா என்று ஒரு வரி. படிக்கிறாள் என்று எழுதியிருந்தால் கணக்கை வேறொருவரிடம் கொடுத்திருப்பார்கள். நான் தற்காலிக ஊழியர். இந்த அறிக்கை முடிந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். இல்லை என்று எழுதினேன். அதன் பிறகு உன்னைப் பார்க்க வந்தால் வாசல் பதிவேட்டில் என் பெயரும் உறவும் ஏறிவிடும். அதனால் வரவில்லை. நிரந்தரமானால் இரண்டு அறை வீடு பார்த்து உன்னைக் கூட்டிவரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அம்மா போன பிறகு நீ கேட்டதெல்லாம் தரையில் ஒரு இடம்.

உன் கேள்விக்கு விடை: மிஞ்சியவர்களை வைத்துத்தான் போட்டேன். கடைசித் தேர்வு எழுதியவர்களை மட்டும் எடுத்து இணை சேர்த்தேன். விலகியவர்கள் விவரம் முழுமையாக இல்லை என்று அடிக்குறிப்பு ஒன்று போட்டேன். உன் கடிதம் வந்ததும் அந்தப் பதினாறு பேரையும், அவர்கள் கடைசியாக எழுதிய தேர்வோடும் அவரவர் இணைகளோடும் திரும்ப வரிசையில் வைத்தேன். ஒன்பது ஒன்றரை ஆனது. ஒன்றரையும் நிற்கவில்லை, அவ்வளவு பேரில் தற்செயலாகவே வந்துவிடக்கூடிய எண் அது.

அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், படிவத்தில் எழுதிய பொய் உட்பட. அவர் கத்தவில்லை. "உங்க அக்கா பொண்ணு சொன்னான்னு நீங்க சொல்றதுனாலயே, இதுல ஒண்ணையும் நான் எடுத்துக்க முடியாதும்மா" என்றார். என் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது என்ற அட்டவணையோடு அறிக்கை மேலே போய்விட்டது. முதல் நாளே உண்மையை எழுதியிருந்தால், வேறு ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார், நீ சொன்னதை நான் வெளியிலிருந்து சொல்லியிருக்கலாம், கேட்டிருப்பார்கள்.

மூன்று நாள் மருத்துவமனைகளில் அலைந்தேன். நாலாவது இடத்தில் பதிவேட்டைக் காட்டினார்கள். வயது பதினான்கு, பள்ளி வண்டியில் வந்தது, உடன் வந்தவர் யாருமில்லை என்று எழுதியிருந்தது. மீதியை நேரில் சொல்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை, முதல் பஸ்ஸில் வருகிறேன். அப்பாவின் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. துணிகளை எடுத்து வைத்துக்கொள்.

சித்தி


அக்டோபர் 7

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது? மூன்று நாள் அலைந்தீர்களே, கால் வீங்கியிருக்கும். நான் நலமாக இருக்கிறேன்.

நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நேரில் சொல்ல வேண்டாம். அந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன். எவரும் சத்தம் போட்டு அழவில்லை, பூட்டு வந்துவிடுவார் என்ற பயம்தான்.

வியாழக்கிழமை வாருங்கள். எனக்கு இங்கே இருக்க மிகவும் பயமாக இருக்கிறது, இனி ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட என்னால் தாங்க முடியாது. ஆனால் நீங்கள் வந்து என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனால், சிவப்பு மையில் பதினேழாவது பெயராக என்னை எழுதுவார்கள். என் விஷயத்தில் குடும்பக் காரணம் என்பது உண்மையாகவும் இருக்கும். அதோடு முடிந்துவிடும்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். தொண்ணூற்றாறு பேரில் எழுபத்தொரு பேர் தங்கள் எண்ணையும், அந்த அறையில் முதலில் சொன்ன விடையையும் அவரவர் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் பயந்தார்கள், நான் வற்புறுத்தவில்லை. எல்லா விடையும் ஒன்றுதான். இதைச் சித்தி சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றால், எழுபத்தொரு கையெழுத்து சொல்வதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்திரிகைக்காரர்கள், வக்கீல் யாராவது தெரிந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். தெரியாவிட்டால் நீங்கள் மட்டும் வாருங்கள்.

வாசலில் காவலாளி நோட்டை நீட்டி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். என் பெயரைச் சொல்லாதீர்கள். அறுபத்தேழைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லை என்பார். எங்கே போனாள் என்று கேளுங்கள். உள்ளே போகச் சொன்னாலும் போகாதீர்கள், அங்கேயே நின்று சத்தமாகக் கேளுங்கள். நாங்கள் எல்லோரும் மாடி ஜன்னலில் நிற்போம்.

உங்கள் அக்கா மகள்